நாங்கள் இறைத்துவிட்ட தண்ணீர்

தை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். காலம் தப்பி ஒரு மழை வந்தது. போகியன்று எரித்த பாய்களின் கரி தெருவோரத்தில் இன்னும் கிடந்தது. அதையும் வாரிக்கொண்டு, பொங்கலுக்குப் போட்ட கலர்க் கோலங்களையும் வாரிக்கொண்டு, தெருவின் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் வானம் வெளுத்துவிட்டது. தண்ணீர் மட்டும் கிளம்பவில்லை.

திருமுல்லைவாயிலில் எங்கள் தெரு, முனையில் உயர்ந்து கடைசியில் தாழ்கிற தெரு. நடந்தால் தெரியாது. சைக்கிளில் வந்தால் தெரியும். பாதிக்கு மேல் மிதிக்கவே வேண்டாம். மிதிக்காமல் போய்ச் சேருகிற இடத்தில் ஒரு தையல்காரம்மாவின் வீடு. அதற்கு எதிரே மூன்று மாடிக் குடியிருப்பு. அதில் முதல் மாடியில் நான்.

நான் ஓரிடத்தில் தரிக்கிறவன் இல்லை. பூந்தமல்லியில் இரண்டு வீடு, திருவேற்காட்டில் ஒன்று, கோவில்பதாகையில் ஒன்றரை வருஷம் என்று வீட்டுக்கு வீடு தாவி, ஐம்பதை நெருங்கும்போது இந்த மாடியில் வந்து விழுந்தவன். மாடியிலிருந்து பார்க்க அந்தத் தண்ணீர் அழகாக இருக்கும். மின்கம்பிகள் அதில் தலைகீழாக ஓடும். எங்கிருந்தோ ஒரு கொக்கு வந்து, யாருக்கோ காத்திருப்பதுபோல் நிற்கும். அதைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறேன். எழுதிய அதே நேரத்தில் அந்தத் தண்ணீர் எதிர்வீட்டுச் சமையலறையிலும் நின்றுகொண்டிருந்தது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தையல்காரம்மாவுக்குச் சங்கரன்கோவில் பக்கம். கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. வீடு கட்டியபோது மூன்று படி ஏறி உள்ளே போவார்களாம். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு ஏற, ஒவ்வொரு படியாக மண்ணுக்குள் போய், இன்றைக்கு ரோட்டிலிருந்து ஒரு படி இறங்கித்தான் உள்ளே போகவேண்டும். முன்னறைதான் தையலறை. அவர் தொழிலுக்கு ஒரு சாபம் உண்டு: ஐப்பசியில்தான் தீபாவளி, ஐப்பசியில்தான் அடைமழை. வருஷம் பூராவும் காத்திருந்து வேலை குவிகிற அந்த இரண்டு வாரத்தில்தான் தண்ணீரும் படியிறங்கி உள்ளே வரும். போன தீபாவளிக்குத் தைத்து அடுக்கியிருந்த ப்ளவுஸுகள் நனைந்து, ஒரு சிவப்புச் சாயம் மற்ற எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

"இன்னொரு தடவை உள்ள வந்துச்சுன்னா நான் மெஷினைத் தூக்கிக்கிட்டு எங்க அக்கா ஊருக்கே போயிருவேன்ணே. இவுக இங்கன ரூம் எடுத்து இருந்துக்கிடட்டும்" என்றார், இந்தத் தை மழைத் தண்ணீரும் உள்ளே வந்து நின்ற மறுநாள். வாயில் இரண்டு குண்டூசியைக் கவ்விக்கொண்டே சொன்னார். அதனால் அழுகிறாரா கோபப்படுகிறாரா என்று முகத்தில் எதுவும் பிடிபடவில்லை. முப்பது வருஷக் குடித்தனம் அந்த இரண்டு ஊசிக்கு நடுவில் ஆடிக்கொண்டிருந்தது என்பது மட்டும் புரிந்தது.

அந்த வாரம்தான் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு அறிவிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை துவக்கப்பள்ளி வளாகத்தில் பகுதி சபைக் கூட்டம். வரப்போகிற பட்ஜெட்டுக்காகத் தெருவுக்கு ஒரு வேலை சொல்லலாம். கூட்டத்துக்கு முன்னால் ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர், தெருத்தெருவாக வந்து பார்ப்பார். எல்லாத் தெருவும் சொல்வதில் அவசரமான மூன்று நான்குதான் வார்டின் பட்டியலில் ஏறும். மற்றவை அடுத்த வருஷம்.

வடிகால். எங்கள் தெருவில் இதில் இரண்டு பேச்சே இல்லை. குடியிருப்பின் ஐ.டி. பிள்ளைகள்கூட நடைபாதைப் பூங்கா கேட்கலாம் என்று ஆரம்பித்து, தையல்காரம்மாவைப் பார்த்துவிட்டு அடங்கிப்போனார்கள். மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எழுதுகிறவர் எழுதட்டும் என்றார்கள். எழுதினேன். நன்றாகத்தான் எழுதினேன்.

எங்கள் தெருச் சங்கத்தின் செயலாளர், ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் உடம்பில் ஒரு பழக்கம் ஊறியிருந்தது: பெரிய அதிகாரி ரவுண்டு வருகிறார் என்றால் முதல் நாளே மரத்துக்கெல்லாம் காவியும் வெள்ளையும் அடித்து, புல்லை வெட்டி, ஒரு காகிதத் துண்டு கிடக்காமல் பெருக்கிவிட வேண்டும். குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு அதிகாரி வருகை என்றாலே அதுதான். "இன்ஸ்பெக்ஷன் சார். தெரு பளிச்சுனு இருக்கணும். நம்ம மேல ஒரு மரியாதை வந்தாத்தான் கேக்கறதைக் குடுப்பாங்க" என்றார்.

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும்தான். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் தெருவே இறங்கியது. நான் பார்த்து இத்தனை பேர் ஒன்றாய்க் குனிந்து வேலை செய்ததில்லை. மரத்தடியில் காவி, வெள்ளை. சாக்கடை மூடிமேல் சுண்ணாம்பு. நாலரை மணிக்கு வாடகை மோட்டார் ஒன்று வந்து இறங்கியது. கடைசியில் கெண்டைக்காலுக்கு மேல் நின்ற தண்ணீரில் ஒரு குழாய்; மறுமுனை, குடியிருப்பின் பின்சுவரைத் தாண்டி அந்தப் பக்கத்துக் காலிமனைக்குள். அந்த முனையைச் சுவர்மேல் ஏறிப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். குழாய் ஒரு கன்றுக்குட்டிபோல் திமிறியது. அந்தப் பக்கம் முட்புதரும் இருட்டிக்கொண்டு வரும் வெளிச்சமும்தான் தெரிந்தன. அதற்கப்பால் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கீழே தையல்காரம்மா எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வற்ற வற்ற, அவர் வாசலில் முதலில் ஈரச் சிமெண்ட் தெரிந்தது, பிறகு பழைய கோலத்தின் மிச்சம்.

விடிந்தபோது தெரு கல்யாண வீடு மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் கோடு. வாசலுக்கு வாசல் கோலம். ஏ.இ. ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முப்பது வயதுகூட இருக்காத பெண், கையில் ஒரு நோட்டும் பேனாவும். சேறு இருக்கும் என்று முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் கொண்டுவந்திருந்தார். அதை எடுக்கவே தேவைப்படவில்லை. செயலாளர் இஸ்திரி மடிப்போடு முன்னால் நடக்க, கடைசி வரை போய், கடைசி வாசலில் கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி நின்று, "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க" என்றார். தையல்காரம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பள்ளி வளாகத்தில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, கேனில் டீ. கவுன்சிலர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு மைக்கை ஏ.இ.யிடம் கொடுத்தார். ஒவ்வொரு தெருவாக வந்தது. எங்கள் தெரு வந்தபோது அவர் நோட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"இந்தத் தெருவைப் பத்தி நான் சொல்லியே ஆகணும். மழை விட்டு மூணு நாள்கூட ஆகல. ஒரு சொட்டுத் தண்ணி நிக்கல. குப்பை இல்ல. இந்த வார்டுக்கே மாடல் தெரு. மத்தவங்க போய்ப் பாக்கணும்."

கவுன்சிலர் கை தட்டினார். கூட்டம் தட்டியது. நாங்களும் தட்டினோம். செயலாளர் பாதி எழுந்து ஒரு கும்பிடு போட்டார்.

"அதனால இங்க வடிகாலை அவசரப் பட்டியல்ல வைக்கத் தேவையில்லன்னு நினைக்கிறேன்" என்று முடித்தார் ஏ.இ.

எங்கள் வரிசையில் தட்டிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசியாக நின்றது என்னுடையது என்று நினைக்கிறேன்.

செயலாளர் எழுந்தார். "மேடம், தண்ணி இருந்துச்சு. நேத்துத்தான் நாங்க மோட்டார் வெச்சு இறைச்சோம்."

"எதுக்கு சார் இறைச்சீங்க?"

"நீங்க வர்றீங்கன்னு."

கூட்டம் சிரித்தது. அவர் முகம் என்னவோ ஆகிவிட்டது. முப்பத்து மூன்று வருஷம் தப்பாத பழக்கம் அது. குடியிருப்புப் பிள்ளை ஒருவர் செல்போனில் பழைய வெள்ளப் படத்தைக் காட்டினார். கவுன்சிலர் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எந்தத் தெரு, எந்த வருஷம்னு எப்பிடித் தெரியும்? தண்ணி எல்லா எடத்துலயும் ஒரே மாதிரித்தானே இருக்கு" என்றார். நேற்றும் இன்று காலையும் எடுத்த படங்களை எல்லாரும் புரட்டினார்கள். எல்லாவற்றிலும் காவி அடித்த மரமும், கோலமும், கோலத்துக்குப் பக்கத்தில் நாங்களும்தான் இருந்தோம்.

ஏ.இ. என் மனுவை எடுத்துப் பார்த்தார். "எத்தனை அடி நிக்குது, எத்தனை நாள் நிக்குது, எந்தப் பக்கம் வடியுதுன்னு இதுல எதுவுமே இல்லையே சார்" என்றார். குற்றம் சாட்டவில்லை, கேட்டார். ஒன்றரைப் பக்கம். அந்தக் கொக்குகூட அதில் இருந்தது. ஒரு எண் இல்லை.

தையல்காரம்மா எழுந்தார். மைக் அவர் பக்கம் வரவில்லை. சற்று நின்றுவிட்டு உட்கார்ந்துவிட்டார். முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்த அந்தக் கையைப் பார்க்காமல் இருக்க, ஷாமியானாவின் சிவப்பு நீலப் பட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இரு இரு. மோட்டார் வெச்சி இறைச்சது நீங்கதானா?"

குரல் பின் வரிசையிலிருந்து வந்தது. எங்களுக்குப் பின்தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கிறவர். எங்கள் தெருவில் பாதி வீட்டுத் தோசை அவர் கிரைண்டரிலிருந்து வருவதுதான். மைக்குக்கெல்லாம் காத்திருக்காமல் நாற்காலிகளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மேடம், நான் இதுக்கோசரந்தான் வந்துகீறேன். நேத்து சாயங்காலம் அஞ்சு மணிலேர்ந்து எங்க தெருவுல தண்ணி. வானத்துல ஒரு மேகங்கூட இல்ல. எங்கேர்ந்து வருதுன்னே தெரியல. மாவு வாங்க வந்ததுங்கல்லாம் பொடவையத் தூக்கிப் புடிச்சிகினு நிக்குதுங்க. எங்க ஊட்டு நாய் கட்லு மேல ஏறிக்கிச்சி."

செயலாளர் திரும்பினார். "நாங்க காலிமனையிலதானம்மா விட்டோம்."

"காலிமனை இன்னா கெணறா நைனா? அங்க உட்டா எங்க போவும்? எங்க ஊட்டுக்குத்தான் வரும். இதுல இவங்களுக்குக் கைதட்டு வேற."

கூட்டம் மறுபடி சிரித்தது. ஏ.இ. சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்துவிட்டார்.

"எத்தனை மணி வரைக்கும் வந்துச்சும்மா?"

"ஒம்போதர வரிக்கும்."

"எவ்வளவு உயரம்?"

மாவுக்கடைக்காரம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலில் கையை வைத்துக் காட்டினார். "இம்மாம் ஒசரம்."

"என்ன மோட்டார் சார் அது?"

"டூ ஹெச்.பி., மேடம். ரெண்டு இன்ச் ஓஸ்" என்றார் செயலாளர். தொழிற்சாலைக் குரல் அவருக்குத் திரும்பியிருந்தது.

ஏ.இ. கணக்குப் போட்டார். நாலரை மணி நேரம், இந்த மோட்டார், இந்தக் குழாய். என் ஒன்றரைப் பக்கத்தில் இல்லாததெல்லாம் அவர் நோட்டில் நாலு வரியில் வந்து உட்கார்ந்தது. போட்டு முடித்து அதையே சற்று நேரம் பார்த்தார். "இவ்வளவு தண்ணியா நின்னுச்சு அங்க?" என்றார். யாரையும் கேட்கவில்லை.

"இப்பவும் இருக்காம்மா?"

"போவ எடம் இருந்தாத்தானே போவும்? வாங்க மேடம், காட்டறேன்."

கூட்டம் அப்படியே எழுந்து பின்தெருவுக்கு நடந்தது. இந்த முறை பூட்ஸ் வேலை செய்தது. எங்கள் தண்ணீர் அங்கே இருந்தது. காவி கலங்கி, கோலப்பொடி மிதந்து, ஓர் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு வண்ண வண்ணமாய்ச் சின்னத் துணுக்குகளும் நூலும் ஒதுங்கியிருந்தன. தையல்காரம்மா குனிந்து ஒரு பச்சைத் துணுக்கை எடுத்தார்.

"இது எங்க வீட்டுது. பொங்கலுக்கு வெட்டுன ப்ளவுஸு."

மாவுக்கடைக்காரம்மா அந்தத் துணுக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது உன் ஊட்டுக்குள்ளேர்ந்தா வருது?"

"ஆமாக்கா. வருசா வருசம்."

"அப்ப இன்னாத்துக்குக் கோலம் போட்டு வெச்ச? தண்ணியில நின்னு காட்ட வேணாவா?"

தையல்காரம்மாவிடமிருந்து சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. இப்போது வாயில் குண்டூசி இல்லை.

ஏ.இ. தண்ணீரில் நின்றபடியே சொன்னார். இரண்டு தெருவுக்கும் சரிவு ஒன்றுதான். காலிமனை ஓரமாக ஒரே வடிகாலாகப் போட்டால் இரண்டு தெருவின் கோரிக்கையாகப் பட்டியலில் மேலே வைக்கலாம். "ஆனா உங்க தெருவுல தெருவிளக்கு கேட்டு எழுதிக் குடுத்திருக்கீங்க. ஒரு தெருவுக்கு ஒண்ணுதான்."

பின்தெருக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தத் தெரு சாயங்காலமானால் எப்படி இருட்டும் என்று எனக்குத் தெரியும். மாவு வாங்கப் போய் இரண்டு முறை கல்லில் இடறியிருக்கிறேன். ஒருவர், "லைட்டு ரொம்ப நாளா கேக்கறோம் மேடம்" என்று இழுத்தார்.

"லைட்டு அடுத்த வருசம் கேட்டுக்கலாம்" என்றார் மாவுக்கடைக்காரம்மா. "இவங்க நாளிக்கு மறுபடி மோட்டார் வெப்பாங்க. அது எங்க ஊட்டுக்குத்தான் வரும். இருட்டுல நடந்துடலாம், தண்ணியில எப்பிடி மாவு விக்கிறது?"

எழுதிக்கொள்ளப்பட்டது. நாங்கள் யாரும் கை தட்டவில்லை.

அன்று சாயங்காலம் மாவு வாங்குகிற சாக்கில் அங்கே போனேன். நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த வார்த்தைகள் நிறைய உண்டு, தொழிலே அதுதானே. வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போய், கடைசியில் "ரொம்ப தேங்க்ஸ்மா" என்று மட்டும் வந்தது.

"எனக்கு இன்னாத்துக்கு சார் தேங்க்ஸு? நான் உங்க மேல கம்ப்ளைண்டு குடுக்கத்தானே வந்தேன்" என்றார். கரண்டியை மாவில் விட்டுக்கொண்டே கேட்டார். "அரை கிலோவா, ஒரு கிலோவா?"

ஒரு கிலோ வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே மாவு இருந்தது.

பட்ஜெட்டில் அந்த வேலை வந்தது. ஆடியில் தோண்டினார்கள். இரண்டு மாதம் நாங்கள் எல்லோரும் பலகைமேல் நடந்து வீட்டுக்குள் போனோம். செயலாளர் தினமும் காலையில் டேப் வைத்து ஆழம் அளந்து, வேலைக்கு வந்தவர்களைப் பாடாய்ப் படுத்தினார். புரட்டாசி முடியும்போது மூடிகள் பாதிதான் வந்திருந்தன. நடுவில் சங்கக் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தோம்: அடுத்த தையில் எங்கள் தெருவுக்கான ஒரு கோரிக்கை, பின்தெருவுக்கு விளக்கு. அந்த மனுவையும் நான்தான் எழுதுகிறேன். பின்தெருவில் கம்பத்துக்குக் கம்பம் எத்தனை அடி, எத்தனை வீடு, எத்தனை மணிக்கு இருட்டுகிறது என்று நடந்து பார்த்து எழுதியிருக்கிறேன். முக்கால் பக்கம். அதில் கவிதையாக எதுவுமில்லை. எழுதியதிலேயே எனக்குப் பிடித்த ஒன்றாக இருக்கிறது.

தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்னால், ஒரு மத்தியானம், மேற்கே ஆவடிப் பக்கம் கறுத்து, அப்படியே வந்து இறங்கியது. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவன் செருப்பைக்கூடப் போடாமல் கீழே போனேன். தெருவின் தண்ணீர் முழுக்க, எப்போதும்போல, கடைசியை நோக்கித்தான் வந்தது. கம்பி மூடி வாயைத் திறந்து விழுங்கிக்கொண்டே இருந்தது. விழுங்கியதைவிட வந்தது அதிகம். ரோட்டில் கணுக்கால் அளவு ஏறி, தையல்காரம்மா வீட்டு வாசலில் தண்ணீருக்குத் தடுப்பாகக் கட்டியிருந்த கட்டைக்கு ஒரு விரல் கீழே வந்து நின்றது. நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். இருவரும் அந்த ஒரு விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். முக்கால் விரலானது. அங்கேயே ரொம்ப நேரம் இருந்தது. பிறகு, மழை விடுவதற்கு முன்னாலேயே, இரண்டு விரலானது. மூன்றானது.

உள்ளே அவர் செல்போன் அடித்தது. போய் எடுத்தார். அக்கா. ஊரில் மழைச் செய்தி பார்த்திருப்பார்.

"இல்லக்கா, உள்ள வரல... ஆமா, பெய்யுது, நல்லாத்தான் பெய்யுது... இப்ப எங்க வர? தீவாளி ப்ளவுஸு ஒரு குமியே கெடக்கு... அதெல்லாம் பெறவு பாப்பம்க்கா. வையி."

போனை மடியில் போட்டுக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தார். கரண்ட் போயிருந்தது. ஊசிக்கு நேரே கண்ணைக் கொண்டுபோய் நூலைக் கோக்கப் பார்த்தார், முடியவில்லை. நிமிர்ந்தார்.

"அண்ணே, வாசல மறைச்சுக்கிட்டு நிக்காதிய. வெளிச்சம் வரட்டும்."

நகர்ந்து, மழையில் நின்றேன்.